ரோட்டோரப் பலகையும் அதுக்குப் பின்னாடி இருக்கற மண்மேடும் – நீங்க பாத்ததையும் சொல்லுங்க

நாங்க அட்லாண்டால ஸ்மைர்னா பக்கம் குடிவந்த புதுசுல தெனம் ஓக்டேல் ரோட்டு வழியாதான் ஆபீஸ் போவேன். அந்தப் பக்கம் கம்பத்துல ஒரு கரும்பச்சை உலோகப் பலகை நிக்கும், மேல ஜார்ஜியா முத்திரை, கீழ பொடிப்பொடியா எழுத்து. கார்ல போறப்ப 'ரிவர் லைன்'ங்கறதுக்கு மேல படிக்க முடியாது, அதுக்குள்ள பின்னாடி வண்டி வந்துரும். 2020 லாக்டவுன்ல சாயங்காலம் நடக்க ஆரம்பிச்சப்பதான் நின்னு முழுசா படிச்சேன். அமெரிக்க உள்நாட்டுப் போர்ல, 1864 ஜூலைல, ஜெனரல் ஜான்ஸ்டனோட கான்ஃபெடரேட் படை, அதாவது பிரிஞ்சு போன தெக்கு மாநிலங்களோட படை, சட்டஹூச்சி ஆத்தை முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டு நின்ன தடுப்பு வரிசை இதானாம்.

படிச்சுட்டுத் திரும்பினா மரங்களுக்கு நடுவுல ஒரு மேடு. எனக்கு சிவகங்கை பக்கம், கம்மாய்க்கரையிலேயே வளந்தவன், மனுஷன் கொட்டுன மண்ணு எது தானா கிடக்கற மண்ணு எதுன்னு பாத்தாலே தெரிஞ்சுரும். மேட்டை ஒட்டி மண்ணெடுத்த பள்ளம்கூட அப்படியே இருக்கு, 150 வருஷத்துக்கு மேல ஆகியும் தூர்ந்து போகல.

இதைத் திட்டம் போட்டவர் ஷூப்ங்கற பீரங்கிப்படைத் தலைவர். அதனால இந்தக் கோட்டைங்களுக்கு 'ஷூபேட்'னே பேரு. அம்பு முனை மாதிரி வடிவம், மரக்கட்டையை அடுக்கி நடுவுல செம்மண்ணைப் போட்டு கெட்டிச்ச சுவர், பத்துப் பன்னெண்டு அடி கனம், ஒண்ணுக்குள்ள 80 சிப்பாய் நின்னு சுடலாம். மொத்தம் 36. ஒண்ணைத் தாக்க வர்றவன் பக்கத்துல இருக்கற இன்னொண்ணோட குண்டுக்கும் தப்ப முடியாது. வடக்குப் படையோட ஜெனரல் ஷெர்மன் இதைப் பாத்துட்டு நேரா மோதவே இல்ல, ஏன்னா ஜூன் 27 கென்னசா மலைல நேரா மோதி சுமார் 3000 பேரை அப்பதான் இழந்திருந்தார். ஆத்தோட மேல் பக்கமாப் போய் ஜூலை 8 சோப் கிரீக் பக்கம் படையை ஆத்தைத் தாண்ட வச்சுட்டார், மறுநாள் ராத்திரி ஜான்ஸ்டன் மொத்தத்தையும் விட்டுட்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டார்.

ஆனா எனக்கு மனசுல நின்னது வேற. அந்த மண்ணை வெட்டி, மரத்தைச் சாய்ச்சு, சுமந்து கொட்டினவங்க சுமார் 1000 அடிமைகள். தங்களை அடிமையாவே வச்சிருக்கறதுக்காகச் சண்டை போடற படைக்கு, ஜூன் மாச வெயில்ல, வேற வழியில்லாம. 1950கள்ல நட்ட பலகைங்கள்ல ஜெனரல் பேரு, டிவிஷன் பேரு, எந்தத் தேதில எந்தப் பக்கம் நகர்ந்தாங்கன்னு எல்லாம் இருக்கு, நான் நின்னு படிச்சதுல வெட்டினவங்களைப் பத்தி பெரும்பாலும் ஒரு வரி கிடையாது. கம்மாய் வெட்டினது யாருன்னு எங்க ஊர்லயும் கல்வெட்டு கிடையாதுதான், ஆனா அதுல தண்ணியாவது நின்னுச்சு.

* * *

மேல இருக்கறதைப் படிச்சுட்டு இன்னொருத்தர் எழுதறேன். நாங்க பசங்களைக் கூட்டிட்டு அட்லாண்டா கிராண்ட் பார்க் ஜூவுக்கு எத்தனையோ தடவை போயிருக்கோம், அந்தப் பார்க்கோட மூலைல ஃபோர்ட் வாக்கர்னு ஒரு மேடு இருக்கறதே போன வருஷம்தான் தெரியும். எல்.பி. கிராண்ட்ங்கற ரயில்வே இன்ஜினியர் 1863ல ஊரைச் சுத்தி பத்து மைலுக்கு மேல அரண் போட்டார்ல, அதுல மிஞ்சினது அது. அவர் பொறந்தது வடக்க, மெய்ன்ல! அங்கயும் வெட்டினது அடிமைகள்தான், கூலி அவங்க கைக்கு வரல, எஜமானுக்குப் போச்சு. சுடறதுக்குப் பார்வை மறைக்கக்கூடாதுன்னு அரணுக்கு முன்னாடி இருந்த மரம், வீடு எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. 1883ல அதே கிராண்ட் 100 ஏக்கரை ஊருக்குக் குடுத்ததாலதான் இன்னிக்கு நம்ம பசங்க அங்க விளையாடுதுங்க.

* * *

நானும் என் பங்குக்குச் சொல்றேன். அட்லாண்டாவுல ஜார்ஜியா டெக் காலேஜ்ல படிச்சப்ப பாண்டர்ஸ் அவென்யூ வழியா மளிகை வாங்கப் போவேன். அங்க பாண்டர் வீடுன்னு ஒண்ணு அரண் வரிசைலயே இருந்து குண்டு பட்டு சல்லடையாகி நிக்கற ஃபோட்டோ 1864ல பார்னார்ட்ங்கற ஃபோட்டோகிராஃபர் எடுத்தது, தேடிப் பாருங்க. அந்தக் குடும்பத்துல அடிமையா வளந்த சின்னப் பையன் ஹென்றி ஃபிளிப்பர், 1877ல வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரில பட்டம் வாங்கின முதல் கறுப்பினத்தவர். நாலு வருஷம் அந்தத் தெருவுல நடந்திருக்கேன், ஒருத்தரும் சொல்லல.

* * *

நான் வர்ஜீனியாவுல இருந்து எழுதறேன். இங்க ரிச்மண்ட்ல புரூக் ரோட்டுல நாலு எட்டுக்கு ஒரு பலகை. 1864 மார்ச் 1 வடக்குக் குதிரைப்படை இந்த வழியா வந்து அரண்கிட்ட தடுக்கப்பட்டு திரும்பிப் போன கதை இருக்கு, அதே ரோட்டுல 1800ல கேப்ரியல்ங்கற அடிமைக் கொல்லர் கிளர்ச்சிக்கு ஆள் திரட்டின கதையும் இருக்கு. பெருமழைல பாலமும் வழியும் அடிச்சுக்கிட்டுப் போயி, விஷயம் வெளிய தெரிஞ்சு, அவரைத் தூக்குல போட்டுட்டாங்க. தெக்க ரூட் 5ல போனா நியூ மார்க்கெட் ஹைட்ஸ். 1864 செப்டம்பர் 29 காலைல வடக்குப் படையோட கறுப்பினச் சிப்பாய்கள் முள்ளு மாதிரி சீவின மரத்தடுப்பை வெட்டிக்கிட்டே மேல ஏறிப் பிடிச்ச இடம், அந்த ஒரு சண்டைக்கு மட்டும் 14 கறுப்பின வீரர்களுக்கு மெடல் ஆஃப் ஹானர், அமெரிக்காவோட உச்ச ராணுவ விருது. நான் அங்க வண்டிய நிறுத்திட்டு ரொம்ப நேரம் கிளம்பவே இல்ல.

* * *

முதல்ல எழுதினவன்தான், இந்தப் பலகைங்களை எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு கேட்டவங்களுக்கு: ஜார்ஜியா பலகை அடில ஒரு நம்பர் இருக்கும், முதல் மூணு இலக்கம் கவுண்டி, நம்ம ஊரு மாவட்டம் மாதிரி. காப் 033, டிகால்ப் 044, ஃபுல்டன் 060. வளைவுல ரோட்டோரம் வண்டிய நிறுத்தாதீங்க, தள்ளி நிறுத்திட்டு நடந்து வாங்க. இன்னொண்ணு, தயவுசெஞ்சு மேட்டு மேல பசங்களை ஏறி ஓட விடாதீங்க, இலைச்சருகு போச்சுன்னா அடுத்த மழைக்கே அந்தச் செம்மண்ணு கரைய ஆரம்பிச்சுரும்.