மறு: ‘இம்மெர்சிவ்’ படத்துக்குத் தமிழ்: மூழ்கு, சூழ், தோய்

> மூழ்குவதுதானே பொருள்? ‘மூழ்கு படம்’ போதாதா?

போதாது என்றுதான் எனக்குப் படுகிறது. மழைக்காட்டைக் காப்பதற்காக எடுத்த மெய்நிகர் படம் (ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு, அங்கேயே இருப்பதுபோலப் பார்க்கும் விஆர் படம்) ஒன்றுக்குத் தமிழில் விளக்கம் எழுத உட்கார்ந்து, ‘இம்மெர்சிவ்’ (immersive) என்ற இந்த ஒரு சொல்லிலேயே நின்றுவிட்டேன். சிந்தனையில் மூழ்கினார் என்றால் சுற்றி நடப்பதை மறந்துவிட்டார் என்று அர்த்தம். இங்கே நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு, சுற்றியிருப்பது அத்தனையும் பார்ப்பவருக்கு உறைக்க வேண்டும்.

> சூழ்காட்சி?

நல்ல சொல், ஆனால் அதன் இடம் வேறு. 360 பாகைப் படத்தில் நாம் நிற்கிற இடம் மாறாது, தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்க்கலாம், அதற்குச் ‘சூழ்படம்’ என்று வைக்கலாம். ‘காட்சி’ மட்டும் வேண்டாம், அது கண்ணோடு நின்றுவிடும். மழைக்காட்டின் விதானம், அதாவது மர உச்சிகள் சேர்ந்த இலைக்கூரை, அவ்வளவு அடர்த்தி, தரைக்கு வந்து சேரும் வெளிச்சம் சுமார் 2 சதவீதம்தான், பக்கத்தில் இருக்கும் விலங்குகூடப் பல நேரம் கண்ணில் படாது, அது அங்கே இருக்கிறது என்று முதலில் சொல்வது காதுதான். பின்னால் ஏதோ சலசலக்க, சட்டென்று திரும்புகிறோமே, அப்போதுதான் காட்டுக்குள் போகிறோம்.

என் பரிந்துரை ‘தோய்’. பக்தியில் தோய்ந்த பாட்டு என்கிறோம், துணியைச் சாயத்தில் தோய்க்கிறோம். மூழ்கி எழுந்த ஈரம் காய்ந்துவிடும், தோய்ந்த நிறம் கூடவே வரும். ஹெட்செட்டைக் கழற்றிய பிறகும் காடு கூடவே வரவேண்டும் என்றுதானே இந்தப் படங்களை எடுக்கிறார்கள்! 2017 சன்டான்ஸ் திரைப்பட விழாவில் காட்டிய ‘ட்ரீ’ என்ற மெய்நிகர் படத்தில் பார்ப்பவரே மழைக்காட்டு மரமாகிவிடுகிறார், விதையிலிருந்து முளைத்து, கைகள் கிளைகளாகி, உயர்ந்து, கடைசியில் நெருப்பு. இதைச் ‘சூழ்’ என்ற சொல் தாங்காது.

> ‘வான்தோய் மலை’யில் தொடுவதுதானே பொருள்?

ஆமாம், அதுவும் நமக்குச் சாதகம்தான். தொடாத ஒன்றில் யாரும் தோய முடியாது.

ஆகவே படத்துக்குத் ‘தோய்படம்’, அந்தப் பண்புக்குத் ‘தோய்வு’. ஏவுகணை மாதிரி வினைத்தொகை என்பதால் நடுவில் ‘ப்’ போட வேண்டாம்.

அப்புறம், மேலே ‘விதானம்’ என்று எழுதிவிட்டேன். மேலே கட்டும் துணிதான் நினைவுக்கு வருகிறது என்றால் ‘மரக்கவிகை’ சரிவருமா?