அறுவை சிகிச்சைக்குப் பின் அம்மாவின் நினைவுத் தடுமாற்றம்: அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். 74 வயதான என் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை நடந்து ஏழு வாரங்கள் ஆகின்றன. புண் ஆறிவிட்டது, நடையும் திரும்பிவிட்டது. ஆனால், பால் கணக்கை ஆண்டுக்கணக்கில் மனத்திலேயே வைத்திருந்தவர், நேற்று நாட்காட்டியின் முன் நின்று, தாளைக் கிழித்தாயிற்றா இல்லையா என்று தெரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அவருடைய இரத்த வகை ஏபி பாசிட்டிவ். அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, ஏபி வகையினருக்கு முதுமையில் நினைவாற்றல் குறையும் வாய்ப்பு கூடுதல் என்றும், இரத்தம் உறைய உதவும் எட்டாம் காரணி அதற்கு ஓரளவே காரணம் என்றும் கூறியது. அது அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பற்றிய ஆய்வன்று என்பதால், அம்மாவின் நிலைக்கு அதை அப்படியே பொருத்துவது சரியாகாது என்றே கருதுகிறேன். 1998இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்ட முதியவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு ஒரு வாரத்திலும், பத்தில் ஒருவருக்கு மூன்று மாதங்களுக்குப் பின்னும் இத்தடுமாற்றம் காணப்பட்டது. நாளாக ஆக அந்த எண்ணிக்கை குறைவதைத்தான் நம்பியிருக்கிறேன்.

இக்குழுவிலுள்ள மயக்கவியல், நரம்பியல், முதியோர் நல மருத்துவர்கள், இரத்த வகையைப் பொருட்படுத்த வேண்டுமா, அல்லது சோடியம், தைராய்டு, பி12 பரிசோதனைகளையும் இரவில் தரப்படும் தூக்க மாத்திரையையும் முதலில் கவனிக்க வேண்டுமா என்று சொல்லுங்கள். பெற்றோரை இந்நிலையில் பார்த்துக்கொண்டவர்கள், தெளிவு திரும்ப எத்தனை மாதங்கள் ஆயின, வீட்டில் எது உதவியது என்று எழுதினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.