நாக்கு மரக்காத மாப்போ டோஃபு, மாப்போ டோஃபுவே இல்லை

வாணலிவாசி:
இன்னொரு இழையில் ஒருவர் உபதேசம் பண்ணியிருக்கிறார்: "பெரிய நகரத்தில் நல்ல சீனச் சாப்பாடு வேண்டுமா? கண்ணை மூடிக்கொண்டு சைனாடவுனுக்குப் போங்கள். உள்ளே சீனர்கள் உட்கார்ந்து சாப்பிட்டால் அதுதான் கடை." நேற்றிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. சீனா என்ன ஒரே ஒரு ஊரா? தெற்குச் சீனாவின் குவாங்தோங் மாகாணத்துக்காரர் கடையில் ஆவியில் வெந்த மீன் கேளுங்கள், சொர்க்கம். அங்கேயே போய் மாப்போ டோஃபு, அதாவது சிச்சுவான் மாகாணத்துக் காரமான சோயா பன்னீர்க் குழம்பு, கேட்டால் சிவப்பாக ஒரு கூழ் வரும். என் கணக்கு ஒன்றுதான். மாப்போ டோஃபு சொல்லுங்கள். மூன்றாவது வாயில் உதடும் நாக்கும் மரத்துப்போக வேண்டும். போகவில்லையா, பில்லைக் கட்டிவிட்டு எழுந்துவிடுங்கள்.

மூன்றாம்மேசை:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். நான் சொன்னது புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு எளிய வழி.

சோயாசாறு:
மிளகை அள்ளிப் போட்டா எந்தக் கடையிலயும் நாக்கு போயிடும். இதுக்கு ஒரு தனி இழையா?

வாணலிவாசி:
எரிவது வேறு, மரப்பது வேறு. மாப்போ டோஃபுவில் நாக்கை மரக்கவைக்கிற சிச்சுவான் மிளகு மிளகே இல்லை ஐயா. எலுமிச்சை, ஆரஞ்சு இருக்கிற குடும்பம். அதில் உள்ள சான்ஷூல் என்ற பொருள்தான் வேலை செய்கிறது. 2013-ல் லண்டனில் சோதித்துப் பார்த்தார்கள்: உதட்டில் தடவினால் வினாடிக்குச் சுமார் 50 முறை அதிர்கிற மாதிரி உணர்வு. உங்கள் மிளகு அதிருமா?

சோயாசாறு:
பேரே சிச்சுவான் மிளகு. ஆனா மிளகு இல்ல. சரிங்க சார்.

மூன்றாம்மேசை:
எனக்கு ஒரு சந்தேகம். அமெரிக்காவில் அந்த மிளகை இறக்குமதி செய்ய 1968-லிருந்து 2005 வரை தடை இருந்தது. அப்படியானால் அந்த 37 வருஷமும் அங்கே நல்ல சீனக் கடையே கிடையாதா? எல்லாரும் பில்லைக் கட்டிவிட்டு எழுந்து போனார்களா?

வாணலிவாசி:
தடை ஏன் வந்தது, அதைச் சொல்லுங்களேன். எலுமிச்சை வகை மரங்களுக்கு வரும் சொறிநோய் அதன் வழியாகப் பரவும் என்று பயந்துதான். மிளகுக்கா எலுமிச்சை நோய் வரும்? எனக்காக நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள், நன்றி. சைனாடவுனுக்கு வருகிறேன். அமெரிக்காவில் பழைய சைனாடவுன்களைக் கட்டியவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் வந்த குவாங்தோங் மக்கள். பிறகு வந்தவர்கள் புறநகர்களில் குடியேறினார்கள். நியூயார்க்கில் ஃபிளஷிங், லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் சான் கேப்ரியல் பள்ளத்தாக்கு, கனடாவில் வான்கூவரை ஒட்டிய ரிச்மண்ட். சிவப்பு விளக்கும் டிராகன் வளைவும் இருக்கிற தெருவில் படம் எடுத்துக்கொள்ளலாம். சாப்பிட ரயிலேறி இன்னும் பத்து நிறுத்தம் போக வேண்டும்.

தேநீர்க்கோப்பை:
புறநகர் விஷயம் சரி. ஆனால் ஒரே பதார்த்தத்தை வைத்துக் கடையை எடைபோடுவது அநியாயம். நான் முதலில் சுவரைப் பார்ப்பேன். அச்சடித்த மெனுவில் 200 வகை இருக்கும். சுவரில் கையால் எழுதி ஒட்டிய துண்டுச் சீட்டு ஏழெட்டுதான். ஒரு கடையில் அதில் ஒன்றைக் கை நீட்டிக் கேட்டேன். பரிமாறுகிற அம்மா என் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "எலும்பு இருக்கும், பரவாயில்லையா?" என்றார். அந்தக் கடைக்கு நான்கு வருஷமாகப் போகிறேன். அப்புறம் வாணலிவாசி சார், ஒரு சின்ன விஷயம். சீன மொழியில் சிச்சுவான் மிளகின் பெயர் ஹுவாஜியாவ். ஜியாவ் என்றால் மிளகு மாதிரிக் காரச் சரக்கு. கறுப்பு மிளகு ஹூஜியாவ், அதாவது அந்நிய ஜியாவ். அவர்கள் கணக்கில் அசல் அதுதான், மற்ற மிளகுதான் வந்தேறி.

சோயாசாறு:
😂😂 மேடம் ஒரே அடி.

வாணலிவாசி:
மேடம், பெயர் வேறு, தாவரவியல் வேறு. மொழி தெரியும் என்பதற்காக எல்லாம் தெரியும் என்று ஆகிவிடாது.

தேநீர்க்கோப்பை:
அப்படி நான் சொல்லவே இல்லையே.

இரவுப்பசி:
அதெல்லாம் இருக்கட்டும், அஜினோமோட்டோ போடாத கடை எது? எனக்குத் தலைவலி வரும்.

வாணலிவாசி:
அதைப் பிரித்தெடுத்தது ஜப்பானியரான இகேடா, 1908-ல், கடற்பாசியிலிருந்து. பழியெல்லாம் சீனக் கடைக்கு! அஜினோமோட்டோவில் இருப்பது குளூட்டமேட் என்கிற சுவைப்பொருள். தக்காளியிலும் பழுத்த சீஸிலும் அதே குளூட்டமேட் இருக்கிறது. பீட்சா தின்றுவிட்டு யாருக்கும் தலை வலிப்பதில்லை.

இரவுப்பசி:
எனக்கு பீட்சாவுக்கும் வலிக்கும்.

மூன்றாம்மேசை:
எல்லாம் தெரிந்த வாணலிவாசி அவர்கள்தான் போன வருஷம் ஃபார்ச்சூன் குக்கி, அதாவது உள்ளே ஆரூடச் சீட்டு வைத்த பிஸ்கட், பெய்ஜிங்கில் பிறந்தது என்று மூன்று நாள் வாதாடினார். அதன் வேர் ஜப்பான், வளர்ந்தது கலிஃபோர்னியா. இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

வாணலிவாசி:
அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள். பூட்டாமல் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

மூன்றாம்மேசை:
இங்கே பூட்டவில்லையே. சொல்லுங்கள்.

வாணலிவாசி:
தலைப்புக்கு வருவோம். பொய்யான மாப்போ டோஃபுவை மணத்திலேயே பிடிக்கலாம். பீஷியன் அவரை விழுதை, அதாவது மிளகாய் சேர்த்துப் புளிக்கவைத்த சிச்சுவான் அவரை விழுதை, எண்ணெயில் வதக்கியிருந்தால் எண்ணெயே செங்கல் நிறத்தில் பிரிந்து நிற்கும். தட்டு வரும்போதே புளித்த வாசனை வரும். கார்ன்ஃபிளவரும் மிளகாய் சாஸும் போட்டது பளபளவென்று இருக்கும், அவ்வளவுதான். மேலே தூவிய பொடியை விரலில் தொட்டுப் பாருங்கள். சிச்சுவான் மிளகில் உள்ளே இருக்கும் கறுப்பு விதை மணல் மாதிரி நறநறக்கும், அதை எறிந்துவிட்டு மேல் தோலைத்தான் பயன்படுத்துவார்கள். தோலைத் தின்று விதையை எறிகிற மிளகு உலகத்தில் உண்டா? ஒரு சின்ன அறிவு இருந்தாலே புரியும்.

சோயாசாறு:
மிளகுலயும் தோலை எடுத்தா வெள்ளை மிளகு வருதே.

வாணலிவாசி:
அட, அது வேற மிளகு!

சோயாசாறு:
"வேற மிளகு." அப்போ இதுவும் மிளகுதான். படம் பிடிச்சு வச்சுட்டேன் சார்.

வாணலிவாசி:
தட்டச்சுப் பிழை.