டைசன்கிட்ட அலி ரெண்டு ரவுண்டு தாங்க மாட்டாராம்!

பழைய பெல்:
நேத்து இன்னொரு திரியில கேட்ஸ்கில் கார்த்தி எழுதினது இது: "1988 டைசன் முன்னாடி எந்த வயசு அலியை வேணும்னாலும் கொண்டாந்து நிறுத்துங்க. ரெண்டு ரவுண்டு. ஹெவிவெயிட்டுல டைசன்தான் நம்பர் ஒன், மத்ததெல்லாம் கருப்பு வெள்ளைக் காலத்துப் புராணம்." பதில் எழுதறதுக்குள்ள அந்தத் திரியைப் பூட்டிட்டாங்க. விட மனசில்ல, அதான் இங்க.

தம்பி, 1964-ல மயாமி பீச்சுல ஏழாவது ரவுண்டுக்கு பெல் அடிச்சப்ப சோனி லிஸ்டன் ஸ்டூலை விட்டு எழுந்திரிக்கலை. எதிர்ல நின்ன பையன் அலிக்கு 22 வயசு. பட்டாளத்துக்குப் போக மாட்டேன்னு சொன்னதுக்காக 1967-ல பட்டத்தையும் பிடுங்கி, மூணரை வருஷம் ரிங் பக்கமே வரவிடலை. கால் காத்தா ஓடற வயசு அது. அதெல்லாம் போயும் 1974-ல கின்ஷாசாவுல ஃபோர்மேனை எட்டாவது ரவுண்டுல சாய்ச்சாரு. எந்த ஃபோர்மேன்? முந்தின வருஷம் ஜமைக்காவுல ஃப்ரேசியரை ரெண்டே ரவுண்டுல ஆறு தடவை தரையில உருட்டினவர். உங்க டைசன், தோத்துட்டு இருந்த ஒரு பெரிய சண்டையைத் திருப்பி ஜெயிச்சதா ஒண்ணு காட்டு. டோக்கியோவுல, ஜெயிக்கவே மாட்டார்னு 42-க்கு 1 பந்தயம் ஓடின பஸ்டர் டக்ளஸ்கிட்டயே மவுத்பீஸைத் தேடித் தவழ்ந்தவர்தானே?

கேட்ஸ்கில் கார்த்தி:
டோக்கியோன்னு நீங்களே வாயெடுத்தீங்க பாருங்க, சந்தோஷம். 1990 பிப்ரவரி 11. எட்டாவது ரவுண்டு கடைசி. கீழேருந்து தாடைக்கு ஏறுற ரைட் அப்பர்கட். டக்ளஸ் மல்லாந்தார். 13 செகண்டு கிடந்தார். பதிமூணு! ரெஃபரி மெய்ரான் ஆடி அசைஞ்சு எண்ணினார். பத்து எண்ணுறதுக்குள்ள எழுந்திரிக்கலைன்னா தோல்வி. நியாயமா எண்ணியிருந்தா டைசன் நாக்அவுட்ல ஜெயிச்ச சண்டை அது. இதுக்குப் பதில் சொல்லிட்டு மயாமி பீச்சுக்குப் போங்க.

புள்ளிராசா:
இடையில ஒரு சின்னக் கேள்வி. நம்பர் ஒன்னுன்னா எதை வச்சு? உச்சத்துல இருந்தப்ப எப்படி ஆடினார்ங்கறதா, எத்தனை வருஷம் பட்டத்தைக் காப்பாத்தினார்ங்கறதா, யார் யாரை ஜெயிச்சார்ங்கறதா? வருஷக் கணக்குன்னா ஜோ லூயிஸ் 1937-லேருந்து 1949 வரைக்கும், 25 தடவை. அதை முதல்ல முடிவு பண்ணிட்டா...

மூலை ஸ்டூல்:
கணக்கு வாத்தியார் வந்தாச்சு. எல்லாரும் ஸ்லேட்டை எடுங்க.

பழைய பெல்:
கார்த்தி, ரிங்குல கடிகாரம் எண்ணாது. ரெஃபரி எண்ணுவார். கீழ கிடக்கிறவன் ரெஃபரி விரலைத்தான் பார்ப்பான், சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க மாட்டான். ஒன்பது வரைக்கும் படுத்து மூச்சு வாங்குறது அவன் உரிமை. டக்ளஸ் என்ன பண்ணினார்னு அந்த வீடியோவை ஒழுங்கா பாரு. விழுந்ததும் இடது கையால தரையைக் குத்தினார். 'சே, இப்படி வாங்கிட்டேனே'ன்னு எரிச்சல். நினைவு தப்பினவன் தரையைக் குத்துவானா? ஒன்பதுக்கு எழுந்தார். ரெஃபரி அஞ்சுன்னு இருந்தா ஆறுக்கு எழுந்திருப்பார்.

அடுத்த ரவுண்டுல யார் யாரைக் கயித்துல சாத்தி வச்சு அடிச்சாங்க? பத்தாவது ரவுண்டுல அதே அப்பர்கட்டை யார் யாருக்குத் திருப்பிக் கொடுத்தாங்க? டைசன் முழங்கால்ல தவழ்ந்து மவுத்பீஸை எடுத்து வாயில வச்சாரு, அதுவும் ஒரு முனைதான் பல்லுல இருந்துச்சு, மறு முனை வெளிய தொங்கிட்டிருந்துச்சு. அந்தக் காட்சியை மறந்துட்டு 13, 13-னு சொல்றே.

கேட்ஸ்கில் கார்த்தி:
தரையைக் குத்தினா கவுண்டு நின்னுடுமா? 13 செகண்டு ஐயா, 13. போன்ல ஸ்டாப்வாட்ச் வச்சு நானே பார்த்தேன். பட்டம் கொடுக்கிற சங்கங்கள் டபிள்யூபிசி, டபிள்யூபிஏ ரெண்டு பேரும் முதல்ல டக்ளஸை ஒத்துக்காம நிறுத்தி வச்சாங்களா இல்லையா?

பழைய பெல்:
வச்சாங்க. டைசன் சண்டைகளை நடத்தின டான் கிங் போட்ட கூச்சல்ல வச்சாங்க. ஊரே காறித் துப்பினதும் ரெண்டு மூணு நாள்ல வாலைச் சுருட்டினாங்க. அதை மட்டும் விட்டுட்டுச் சொல்றியே.

மூலை ஸ்டூல்:
நானும் ஸ்டாப்வாட்ச் வச்சுப் பார்த்தேன். எனக்கு 12 வந்துச்சு. கார்த்தி போன் சீனா போனா?

கேட்ஸ்கில் கார்த்தி:
12-ன்னாலும் பத்துக்கு மேலதான்டா அறிவாளி.

49க்கு0:
ரெண்டு பேரும் தோத்தவங்களைப் பத்தியே பேசுறீங்க. ராக்கி மார்சியானோ. 49 சண்டை, 49 வெற்றி, 43 நாக்அவுட். யார் கவுண்டும் தேவையில்லை. 1954-ல எசார்ட் சார்ல்ஸ்கிட்ட மூக்கு ரெண்டாப் பிளந்து ரத்தம் கொட்டியும் எட்டாவது ரவுண்டுல ஆளைச் சாய்ச்சார். தோல்வியே தெரியாம 1956-ல கிளம்பினவர்.

பழைய பெல்:
84 கிலோ. இன்னிக்கு இருந்தா ஒரு படி கீழ குரூசர்வெயிட், ஹெவிவெயிட் வாசல்லயே நிறுத்திடுவாங்க. யாரை ஜெயிச்சார்? வால்காட்டுக்கு 38 வயசு. ஜோ லூயிஸுக்கு 37, வரிக் கடன் கட்டறதுக்காக ரிங்குக்குத் திரும்பி வந்த மனுஷன். கடைசிச் சண்டையில கிழவர் ஆர்ச்சி மூர்கூட ரெண்டாவது ரவுண்டுல மார்சியானோவைத் தரையில உட்கார வச்சார். மார்சியானோவைக் குறை சொல்லலை, உழைப்பாளி. ஆனா கோயில் கட்டாதீங்க.

49க்கு0:
வயசைப் பத்தி நீங்க பேசுறீங்களா? 1970-ல கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தப்ப மார்சியானோ உங்க அலியை 13-வது ரவுண்டுல நாக்அவுட் பண்ணினாரே!

மூலை ஸ்டூல்:
1970 கம்ப்யூட்டர். சொல்லிட்டாரு தலைவர்.

பழைய பெல்:
அது சண்டையா? ரெண்டு பேரையும் வெறும் கூடத்துல வச்சுத் தொட்டும் தொடாமலும் அடிக்கவிட்டுப் படம் எடுத்து ஒட்டினது. மார்சியானோ தலையில டோப்பா. எடுத்து முடிச்சு கொஞ்ச நாள்ல விமான விபத்துல அவரும் போயிட்டார். முடிவு என்னன்னு அவருக்கே தெரியாது.

ரொறொன்ரோ மச்சான்:
வணக்கம் அண்ணையவை. நீங்கள் எல்லாரும் கதைக்கிறியள், ஒருத்தரும் லெனொக்ஸ் லூயிஸ் எண்ட பேரைச் சொல்லேல்லை. 1988 சோல் ஒலிம்பிக்கில கனடாவுக்குத் தங்கம், இறுதிப் போட்டியில றிடிக் போவை வெண்டவர். தோத்தது ரெண்டே பேரிட்ட, மக்கோல், ரஹ்மான். ரெண்டு பேருக்கும் திரும்பக் குடுத்திட்டார். மோதின ஒரு ஆளையும் வெல்லாமல் அவர் விடேல்லை. 2002 மெம்பிஸில உங்கட டைசனை எட்டாம் றவுண்டில படுக்க வச்சவரும் அவர்தான்.

கேட்ஸ்கில் கார்த்தி:
2002 டைசன் டைசனே இல்லை. டைசனை வளர்த்த டாமாட்டோ 1985-லயே இறந்து போயிட்டார், பயிற்சியாளர் ரூனியை 1988-ல வெளிய அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் வந்தது உடம்பு மட்டும்தான். டோக்கியோ கார்னர்ல வீக்கத்தை அழுத்துற இரும்புகூட இல்லாம ரப்பர் கையுறையில ஐஸ் தண்ணி ஊத்திக் கண்ணுல வச்சானுங்க. அப்படி இருந்தும் டக்ளஸை 13 செகண்டு படுக்க வச்சாரு.

பழைய பெல்:
அடடா. தோத்தா கார்னர் சரியில்லை, ஜெயிச்சா டைசன். உங்க கணக்குப்படி உண்மையான டைசன் 1986 நவம்பர்லேருந்து 1988 ஜூன் வரைக்கும் இருந்தவர் மட்டும். ஒண்ணே முக்கால் வருஷம்கூட இல்லை. பெர்பிக்கை 20 வயசுல அடிச்சது அருமைதான். ஸ்பிங்க்ஸை 91 செகண்டுல முடிச்சதை நானே இருபது தடவை பார்த்திருக்கேன். ஆனா 1988-ல ஹோம்ஸை நாலு ரவுண்டுல சாய்ச்சதைப் பெருமையாப் போடுறியே, ஹோம்ஸுக்கு அப்ப 38.

கேட்ஸ்கில் கார்த்தி:
அதே ஹோம்ஸ் 1980-ல அலியைப் பத்து ரவுண்டு புரட்டி எடுத்தாரே, அலியோட பயிற்சியாளர் டண்டி ஸ்டூலை விட்டு எழுந்திரிக்க விடலையே, அது?

பழைய பெல்:
அலிக்கும் அப்ப 38. நான் சொல்றதைத்தான் நீயும் சொல்றே.

கேட்ஸ்கில் கார்த்தி:
நான் ஒண்ணும் சொல்லலை. 13 செகண்டு.

பழைய பெல்:
1980-ன்னதும் ஞாபகம் வருது. அந்த வருஷ ஆரம்பத்துல அலி மெட்ராஸ் வந்தார். நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸோட காட்சிச் சண்டை, எம்.ஜி.ஆர். முதலமைச்சர். எங்கப்பா தோள்ல உட்கார்ந்து பார்த்தேன், எனக்கு 9 வயசு. தூரத்துலேருந்து முகமெல்லாம் தெரியலை. ஆனா கால் தெரிஞ்சது. அத்தனை கனமான மனுஷன் குதிகால் தரையில படாம நகர்றதை நேர்ல பார்த்தவன் நான். வீடியோ பார்த்து வளர்ந்தவங்களுக்கு இது புரியாது.

கேட்ஸ்கில் கார்த்தி:
போன வருஷம் ஹோலிஃபீல்டு திரியில உங்களுக்கு 7 வயசுன்னீங்க. அப்பா தோள் இல்லை, மாமா தோள்னு எழுதியிருந்தீங்க. தேடி எடுத்துப் போடட்டுமா?

பழைய பெல்:
போடு. அப்பாவும் மாமாவும் மாத்தி மாத்தித் தூக்கினாங்க. உனக்கென்ன?

மூலை ஸ்டூல்:
ரெண்டு வருஷத்துக்கு யார் கவுண்டு எண்ணினது? மெய்ரானா?

பழைய பெல்:
கிண்டல் பண்ணுங்க. விஷயத்துக்கு வரேன். கவுண்டு கவுண்டுன்னு குதிக்கிறவங்க வரலாறு தெரிஞ்சுக்கணும். 1927 சிகாகோ, சோல்ஜர் ஃபீல்டு. ஏழாவது ரவுண்டுல டெம்ப்ஸி சாம்பியன் டன்னியை விழவச்சார். டெம்ப்ஸி, விழவச்சவர் ஒதுங்கி நிக்க வேண்டிய நியூட்ரல் கார்னருக்குப் போகாம தலைமாட்டுலயே நின்னதால ரெஃபரி மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணினார். டன்னி தரையில கிடந்தது 13, 14 செகண்டு. எழுந்து வந்து அடுத்த ரவுண்டுலயே டெம்ப்ஸியைக் கீழ தள்ளி, சண்டையையும் ஜெயிச்சார். கிட்டத்தட்ட நூறு வருஷமா எல்லாரும் பேசுறாங்க. பட்டம் டன்னிகிட்டத்தான் இருந்தது. ரெஃபரி கவுண்டுதான் கவுண்டு.

கேட்ஸ்கில் கார்த்தி:
வாங்க, வாங்க, இதுக்குத்தான் காத்திருந்தேன். ரெஃபரி கவுண்டுதான் கவுண்டுன்னா 1965-ல லூயிஸ்டன் ஊர்ல நடந்த அலி-லிஸ்டன் ரெண்டாவது சண்டை என்னாச்சு? லிஸ்டன் விழுந்தார், ரெஃபரி ஜெர்ஸி ஜோ வால்காட் எண்ணவேயில்லை. அலியைத் தள்ளிவிடுறதுலயே மும்முரம். லிஸ்டன் எழுந்து ரெண்டு பேரும் மறுபடி சண்டையை ஆரம்பிச்சாச்சு. வெளிய உட்கார்ந்திருந்த பத்திரிகைக்காரர் 'பத்து தாண்டிடுச்சு'ன்னு கூப்பிட்டுச் சொன்னதும் சண்டையை நிறுத்தினாங்க. அங்க கடிகாரம், இங்க ரெஃபரி. அலிக்கு ஒரு சட்டம், டைசனுக்கு ஒரு சட்டம்?

மூலை ஸ்டூல்:
ஐயோ.

பழைய பெல்:
லூயிஸ்டன் விஷயம் வேற. அங்க வெறும் 2434 பேர் உட்கார்ந்திருந்த சின்ன அரங்கம், ரெஃபரி வழி தெரியாம நின்னார். லிஸ்டன் எழுந்திருக்க விருப்பமில்லாமக் கிடந்தார்.

கேட்ஸ்கில் கார்த்தி:
எது வேற? விழுந்தவன் எழுந்தான், ரெஃபரி எண்ணலை, கடிகாரத்தை வச்சு முடிச்சாங்க. அந்தக் கடிகாரத்தை டோக்கியோவுக்கும் கொண்டாங்க. 13.

49க்கு0:
கின்ஷாசாவுலயும் கவுண்டு வேகமா ஓடிச்சுன்னு ஃபோர்மேன் பக்கம் புலம்பினாங்களே. அந்த ரவுண்டு முடிய ரெண்டு செகண்டுதான் பாக்கி.

பழைய பெல்:
மார்சியானோ ஆளு நடுவுல வராதீங்க. கார்த்தி, அலி டைசனை எப்படி ஆடுவார்னு நீ ஒரு வரி எழுதலை. டைசன் கை நீளம் 71 அங்குலம், அலிக்கு 78. உயரமா நின்னு, கையை நீட்டிக் குத்துற ஜாப் போட்டு, கிட்ட வந்தா கட்டிப்பிடிச்சவங்களை டைசனால சுலபமா முடிக்க முடியலை. போன்க்ரஷர் ஸ்மித் 12 ரவுண்டு, டோனி டக்கர் 12 ரவுண்டு. ரெண்டும் 1987-ல, ரூனி கார்னர்ல இருந்தப்பவே. இப்ப அந்த ஜாபை 1967 அலி கையில வச்சுப் பாரு.

கேட்ஸ்கில் கார்த்தி:
ஜாப் போட்டுட்டு இடது கையைத் தொடைக்குக் கொண்டுபோறவர் அலி. பக்கவாட்டுல சுழன்று வர்ற லெஃப்ட் ஹூக் வாங்குறதுக்குன்னே பொறந்த தாடை. 1963-ல லண்டன்ல ஹென்றி கூப்பர் ஹூக்ல கயித்துல சாய்ஞ்சு விழுந்தார். பெல் காப்பாத்துச்சு, கிளவுஸ் கிழிஞ்சதும் காப்பாத்துச்சு. 1971-ல 15-வது ரவுண்டுல ஃப்ரேசியர் ஹூக்ல மல்லாக்க. கூப்பர் 84 கிலோ. டைசன் 99 கிலோ. அவ்வளவுதான்.

பழைய பெல்:
அந்த ஃப்ரேசியர் ஹூக்கை வாங்கி உடனே எழுந்து நின்னார், அதை ஏன் விட்டே? நாலு எண்ணுறதுக்குள்ள எழுந்தார். 13 செகண்டு கிடக்கலை!

மூலை ஸ்டூல்:
ஆக 13-ஐ ஒத்துக்கிட்டீங்க.

பழைய பெல்:
நான் எங்க ஒத்துக்கிட்டேன்? வாய்க்கு வாய் பேசுறதை வச்சு வக்கீல் வேலை பாக்காதே.

புள்ளிராசா:
2024-ல ஃபியூரியை ஜெயிச்ச உசிக் பத்தி யாருக்காவது கருத்து இருக்கா? 120 கிலோ ஆளை 101 கிலோவுல... முதல்ல அளவுகோல் என்னன்னு...

கேட்ஸ்கில் கார்த்தி:
அளவுகோல் ஸ்டாப்வாட்ச். பழைய பெல் ஐயா வீடியோவைப் போட்டு எத்தனை வருதுன்னு எழுதட்டும். சும்மா அப்பா தோள், மாமா தோள் வேண்டாம்.

பழைய பெல்:
அப்பாவை இழுக்காதே. அந்த மனுஷன் அன்னிக்கு ரெண்டு நாள் சம்பளத்தைக் கொடுத்து என்னைக் கூட்டிட்டுப் போனார். வீடியோவை நான் பார்க்கமாட்டேன், ஆயிரம் தடவை பார்த்தாச்சு. நடுவர்கள் போட்ட மார்க் அட்டையைச் சொல்றேன், எழுதிக்கோ. டைசன் விழறப்போ ஒருத்தர் 88-82 டக்ளஸ், ஒருத்தர் 87-86 டைசன், இன்னொருத்தர் 86-86. ஊரே பார்த்த அடிக்குச் சமன்னு போட்டிருக்காங்க. நீ ரெஃபரியைத் திட்டுறே, நான் அந்த ரெண்டு நடுவரைத் திட்டணும்.

கேட்ஸ்கில் கார்த்தி:
பார்க்கமாட்டாராம். ஏன்னா 13 வரும்.

பழைய பெல்:
ஒன்பதுக்கு எழுந்தார்.

கேட்ஸ்கில் கார்த்தி:
13.

ரொறொன்ரோ மச்சான்:
லூயிஸைப் பற்றி இன்னும் ஒருத்தரும் மறுமொழி எழுதேல்லை. இங்க விடியப்புறம் மூண்டு மணி, நான் முழிச்சிருந்து பாத்துக்கொண்டிருக்கிறன்.