மூளைக்காயத்துக்குப் பிறகு வாகனம் ஓட்டலாமா? மதிப்பீட்டுக்குப் போனவர்களின் அனுபவங்கள்

"நன்றாகப் பேசுகிறார், நடக்கிறார், பிறகு ஏன் வண்டியைத் தொடக்கூடாது?" என் கணவரின் தலைக்காயம் ஆறியதும் உறவினர்கள் ஒருவர் விடாமல் கேட்டது இதைத்தான். இதே கேள்வியோடு இருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது வாகனம் ஓட்டுவது பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நாங்களாகவே நரம்பியல் மருத்துவரிடம் கேட்டோம். முதலில் வலிப்பு வந்ததா என்று விசாரித்தார். வந்திருந்தால், வலிப்பில்லாமல் குறிப்பிட்ட காலம் கழிந்தாக வேண்டும். அந்தக் காலம் நாட்டுக்கு நாடு மாறும். தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகள் உண்டா என்று பார்த்தார். பிறகு பார்வைப் புலச் சோதனை, அதாவது நேராகப் பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்ற சோதனை. எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படிப்பவருக்கும், அடிபட்ட இடத்தைப் பொறுத்து, இரு கண்களிலும் ஒரே பக்கத்துக் காட்சி மறைந்திருக்கலாம். இவருக்கு அது இல்லை.

அடுத்து ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைச் செய்யும் திறனை மதிப்பிட்டுப் பயிற்சி தருபவர். ஒரு தாளில் வட்டங்களுக்குள் எண்கள் சிதறிக் கிடந்தன. வரிசையாகக் கோடு போட்டு இணைக்க வேண்டும். மளமளவென்று முடித்தார். அடுத்த தாளில் 1, அ, 2, ஆ என்று எண்ணும் எழுத்தும் மாறி மாறி வர வேண்டும். 3-ஐத் தொட்ட பென்சில் நேராக 4-க்குப் போனது. திருத்தினார்கள், சற்று நேரத்தில் மறுபடியும் அதே. கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதில் உள்ள சிரமம் அப்படித் தெரியுமாம். ஆனாலும் தாளை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது, சாலையில் பார்த்தாக வேண்டும் என்றார். நியாயமான பேச்சு.

சாலைச் சோதனைக்கு இரட்டை பிரேக் வைத்த கார். பக்கத்தில் பயிற்றுநர், பின்னால் தெரபிஸ்ட். என்னை ஏற்றவில்லை, நடந்ததைப் பிறகு உட்கார வைத்துச் சொன்னார்கள். கிளட்ச், கியர், இண்டிகேட்டர் எல்லாம் பல வருடப் பழக்கத்தில் தானாக வந்திருக்கின்றன. அமைதியான தெருக்களில் குறையே இல்லை. பெயர்ப் பலகைகளைப் பார்த்து நீங்களே வழி கண்டுபிடித்துப் போங்கள் என்று நெரிசலில் விட்டபோதுதான் இடப்பக்கம் நின்ற வண்டிகளை உரசப் போயிருக்கிறார். பயிற்றுநர் பிரேக்கை மிதித்தார். "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று இவர் கேட்டாராம்.

தெரபிஸ்டைக் கவலைப்பட வைத்தது அந்தக் கேள்விதான். தவறை உணர்கிறவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்து, வேகத்தைக் குறைத்து ஈடுகட்டப் பழகலாம். தவறே தெரியாதவரை எப்படிப் பழக்குவது? இப்போது வேண்டாம், பயிற்சிக்குப் பின் மறு மதிப்பீடு என்று எழுதிக் கொடுத்தார்கள். இவருக்குக் கடுங்கோபம். அந்த முடிவை நான் சொல்லும்படி விடாமல் அவர்களே நேரில் சொன்னதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். சாவியை ஒளித்துவைக்கும் வேலையை மனைவியின் தலையில் கட்டக்கூடாது.

பதில்:
நான் காயம்பட்டவன். பகலில் மட்டும், குறுகிய தூரம் என்ற நிபந்தனையோடு எனக்கு அனுமதி கிடைத்தது. சாலைச் சோதனையின் தொடக்கத்தில் பிசகில்லாமல் ஓட்டினேன். களைப்பு ஏறியபின் சிக்னல் மாறியதைக் கவனிக்கவே தாமதமானது. சோதனை நீண்டதால்தான் அது வெளிப்பட்டது. சீக்கிரம் முடித்துவிடச் சொல்லிக் கெஞ்சாதீர்கள்.

பதில்:
ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக ஒரு வேண்டுகோள். வீட்டில் பார்ப்பதை எழுதி எடுத்து வாருங்கள்: ஒரே பக்கத் தோள் நிலைப்படியில் இடிபடுகிறதா, தட்டில் ஒரு பக்க உணவு மட்டும் மீந்துபோகிறதா, பேசிக்கொண்டே வேலை செய்தால் அடுப்பை அணைக்க மறக்கிறாரா? ஒரு மணி நேரச் சோதனையில் எங்கள் கண்ணில் படாதது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் காயத்தைத் தெரிவிக்க வேண்டுமா என்பதை முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். பல நாடுகளில் அது ஓட்டுநரின் கடமை.