நாலாம் பாகத்திலிருந்து தொடங்கிய கதை

மதுரை ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில் ‘அகிரா’ என்ற ஜப்பானிய காமிக்ஸின் நாலாம் பாகம் கிடைத்தது. தலையணை தடிமன். மற்ற பாகங்களைக் கேட்டேன். “இது ஒன்னுதான் தம்பி வந்துச்சு. படிச்சுப் பாருங்க, பிடிக்கலைன்னா திருப்பிக் குடுங்க” என்றார் கடைக்கார அண்ணன். 150 ரூபாய்.

கட்சுஹிரோ ஒட்டோமோ 1982 முதல் 1990 வரை ஜப்பானியப் பத்திரிகை ஒன்றில் தொடராக வரைந்தது. மொத்தம் ஆறு பாகம், 2,000 பக்கங்களுக்கு மேல். அதன் நடுவில் போய் விழுந்தேன்.

புத்தகம் முழுக்க இடிந்த நகரம். சாய்ந்து நிற்கும் கட்டடங்கள், பசியில் அலையும் ஜனங்கள். மியாகோ என்ற மூதாட்டியின் கோயிலில் அடைக்கலம் கொடுத்துச் சோறு போடுகிறார்கள். இன்னொரு பக்கம், வாயே திறக்காத ஒரு சின்னப் பையனைச் சக்கரவர்த்தியாக உட்கார வைத்திருக்கிறார்கள். ஊரை யார் அழித்தது? போர் என்றே நினைத்துக்கொண்டு படித்தேன். கெய் என்ற பெண்தான் கதாநாயகி என்றும் முடிவு செய்துவிட்டேன். கடைசியில் கனேடா என்று ஒருவன் வந்து சேர்கிறான். கதையே அவனுக்காகக் காத்திருந்தது போன்ற வரவு, ஆனால் எனக்கு அவன் யாரென்றே தெரியாது.

சின்ன வயதில் வாடகைக்கு எடுத்த, அட்டை கிழிந்த முத்து காமிக்ஸ் எல்லாம் இப்படித்தான். முன்பக்கம் நாலு இருக்காது, நாமே ஒரு தொடக்கத்தைக் கட்டிக்கொள்வோம். அந்தப் பழக்கம் கைகொடுத்தது.

அப்புறம்தான் திருநகரில் இருக்கும் ஆபீஸ் நண்பரிடம் முதல் மூன்று பாகங்கள் இருப்பது தெரிந்தது. அவருக்கு நாலாவது கிடைக்காமல் நின்றுபோயிருந்தது. மாற்றிக்கொண்டோம்.

முதல் பாகத்தில் 2019-ஆம் ஆண்டின் நியோ-டோக்கியோ என்ற அந்த நகரம், விளக்குகளோடு முழுசாக நிற்கிறது. கனேடாவும் அவன் கூட்டாளிகளும் பைக்கில் பறக்கிறார்கள். வேகமாகப் புரட்ட வேண்டிய பக்கங்கள் அவை. என்னால் முடியவில்லை. ஒவ்வொரு கட்டடத்திலும் கண் நின்றது. இடிப்பதற்கு முந்தைய பெரியார் பஸ் ஸ்டாண்ட் போட்டோவைப் பார்த்தால் எனக்கு இப்படித்தான் ஆகும். பஸ்ஸை விட்டுவிட்டு, ஓரத்தில் தெரியும் டீக்கடையையும் தூணையும் பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்றாம் பாகத்தின் முடிவில் நகரம் அழிகிறது. பக்கம் பக்கமாகப் படம் மட்டும்தான், பேச்சே இல்லை. வரிசையாகப் படித்தவர்களுக்கு அது பேரதிர்ச்சி. எனக்கு அதிர்ச்சி இல்லை, துக்கம்தான் வந்தது. வெகுநேரம் புத்தகத்தை மூடவே இல்லை.

நடுவிலிருந்து படித்ததை நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. “கனேடா திரும்பி வந்தப்ப நான் கத்தியே விட்டேன் சார், அதை நீங்க இழந்துட்டீங்களே” என்றார். உண்மைதான், அந்தச் சந்தோஷம் எனக்கு இனி வாய்க்காது. ஆனாலும் நடுப்பாகம் கையில் கிடைத்தால் முதல் பாகத்துக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பேன். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: முன்கதைச் சுருக்கத்தை எங்கேயும் தேடிப் படிக்காதீர்கள். புரியாமல் படித்த அந்த நாலு நாள்தான் எனக்கு இந்தக் கதையை நெருக்கமாக்கியது.

கெய் விஷயத்தில் நான் ரொம்பத் தப்பாக நினைக்கவில்லை. ஆங்கிலப் பதிப்பில் நாலாம், ஐந்தாம் பாகங்களுக்கு அவள் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்த ஐந்தாவது இன்னும் எங்கள் இருவருக்குமே கிடைக்கவில்லை. கடைக்கார அண்ணன் என் நம்பரைக் கல்லாப்பெட்டி மூடியில் எழுதி வைத்திருக்கிறார்.