லண்டனில் குண்டு, திருகோணமலையில் நோஞ்சான்

உவர்மலைப் பெரியம்மா எழுதியது:

போன ஓகஸ்ட் லீவுக்கு லண்டனிலிருந்து தங்கை குடும்பம் வந்தது. மகனுக்கு 11 வயது. வான் வண்டியிலிருந்து இறங்கிய பிள்ளையின் கன்னத்தை அம்மா இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தா. "என்ன பிள்ளை இப்பிடி வாடிப்போய் வந்திருக்கிறான்? அங்க சாப்பாடு குடுக்கிறேல்லையோ?" இரவுப் பயணக் களைப்பு, வேறொன்றுமில்லை. பிள்ளையின் நிறை 54 கிலோ. பக்கத்தில் நின்ற என் மகனுக்கும் அதே வயதுதான், 29 கிலோ. அவனை யாரும் கவனிக்கவில்லை. பழகிப்போன மெலிவு.

அன்றிரவு தங்கை ஒரு கடிதத்தைக் காட்டினாள். இங்கிலாந்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் சேர்கிற வருடமும், பிறகு ஆறாம் ஆண்டிலும் அங்கேயே நிறையும் உயரமும் பார்க்கிறார்கள். வயதையும் உயரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வீட்டுக்குக் கடிதம் வருகிறது. இவனுக்கு மிக அதிக நிறை என்று வந்திருந்தது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் அங்கே அந்த வகைக்குள்தான் வருகிறார்கள். ஆனாலும் தங்கை அதை யாருக்கும் காட்டாமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். நான் அம்மாவுக்கு வாசித்துச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தா. "பிள்ளை நல்லா இருக்கிறான் எண்டோ கடிதம் போட்டிருக்கிறாங்கள்?" என்றா.

நாங்கள் சிரித்தோம். ஆனால் அம்மாவைக் குறை சொல்ல முடியாது. 90 இல் சண்டையால் இடம்பெயர்ந்து நாங்கள் முகாமில் இருந்தபோது இந்தத் தங்கைக்கு ஒரு வயது. நிறை பார்க்க வந்த மருத்துவிச்சி கொப்பியில் புள்ளி வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் அம்மாவைப் பார்த்தாவாம். நிவாரண அரிசியைக் கஞ்சியாக்கி, வடித்து, கரண்டி கரண்டியாகப் பருக்கி வளர்த்த பிள்ளை அவள். அம்மாவுக்கு இன்றைக்கும் நிறை என்றால் பயம். தங்கைக்கும் பயம், எதிர்ப்பக்கமாக.

அந்த ஐந்து கிழமையும் அவன் என்ன சாப்பிட்டான் என்று எல்லோரும் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்தோம். காலையில் அம்மா புட்டையும் மீன் குழம்பையும் குழைத்து உருட்டி, "இது மாமாவுக்கு, இது காகத்துக்கு" என்று கையில் வைப்பா. நாலாவது உருண்டையில் அவன் கையை மூடிக்கொள்வான். "அம்மம்மா, போதும்." பின்னேரம் டச்சு பே கடற்கரை மணலில் இருட்டும்வரை பந்து அடிப்பான். அவன் ஓடிய நேரத்தில் என் மகன் எங்கே இருந்தான் தெரியுமா? ரியூசனில். ஒரு வகுப்பு முடிந்து அடுத்தது தொடங்குமுன் இரண்டு ரோல்ஸ், ஒரு சோடா. நானேதான் காசு கொடுத்து அனுப்புகிறேன். மெலிந்த பிள்ளைதானே, எதையாவது தின்னட்டும் என்று. கடிதம் வந்தது தங்கைக்கு, உறைத்தது எனக்கு. உங்கள் வீடுகளில் எப்படி?

கிண்ணியா காக்கா எழுதியது:

தங்கச்சி, நான் குவைத்தில் 9 வருடம் வீட்டு டிரைவராக இருந்தவன். பிள்ளைகளில் உடல் பருமன் கூடிய நாடுகளை எண்ணினால் குவைத்தும் முன்வரிசையில் வரும். நான் அதைப் பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்குக் கார், திரும்பி வரக் கார். வருகிற வழியில் பர்கர் கடை யன்னலோரம் நிறுத்தச் சொல்வார்கள். காரை விட்டு யாரும் இறங்குவதில்லை, பொதி உள்ளே வரும். கோடையில் 48 பாகை வெயில். அந்த வெயிலில் எந்தப் பிள்ளையை நடக்கச் சொல்வது? சின்னவனுக்கு வயது பத்து. ஒருநாள் லிஃப்ட் பழுது, இரண்டாம் மாடிக்குப் படியில் ஏறினோம். நடுவில் நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். அவனுடைய பையும் என் கையில்தான் இருந்தது.

நோன்புக்கு ஊருக்கு வந்தால் என் உம்மா கேட்பா, "அந்த வீட்டுப் புள்ளைகளப் போல நம்மட புள்ளைகளும் கொழுகொழுண்டு வராதா?" போட்டோ அனுப்பியது என் பிழை.

பாலையூற்று ஓய்வு ரீச்சர் எழுதியது:

2022 இல் நான் இன்னும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பால்மா கிடைக்காத, கிடைத்தாலும் வாங்க முடியாத வருடம். காலைக் கூட்டத்தில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தது. வெறும் தேத்தண்ணியோடு வந்திருக்கிறது. தண்ணீர் தெளித்து வகுப்புக்குள் கொண்டுபோய் இருத்தினால், பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு இடைவேளைக்கு முதலே பற்றிஸ் பொதி திறந்தாயிற்று. அந்தப் பிள்ளைக்குக் காற்சட்டை பொத்தான் பூட்டாது, தகப்பன் ஊசி குத்தி அனுப்புவார். ஒரே வகுப்பு, ஒரே வாங்கு.

2025 இல் யுனிசெப் ஒரு கணக்குச் சொன்னது. உலகத்தில் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளில் நிறை குறைந்தவர்களைவிட உடல் பருமன் உள்ளவர்கள் கூடிவிட்டார்கள், 9.2 சதவீதத்துக்கு 9.4. இப்படி நடந்தது இதுதான் முதல் தடவை. தெற்காசியாவும் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆபிரிக்காவும் மட்டும் விலக்கு. விலக்கு என்று வாசித்தபோது எனக்கு அந்த வாங்குதான் நினைவுக்கு வந்தது.

இன்னொன்று. நாங்கள் சின்னனில் குரக்கன் பிட்டும் மரவள்ளிக்கிழங்கும் சாப்பிட்டதை ஏழைச் சாப்பாடு என்று சொல்லித்தான் பாணுக்கு மாறினோம். சீனக்குடாவில் கோதுமை மா ஆலை வந்த பிறகு காலையில் பாண், பின்னேரம் பணிஸ், இரவில் கொத்து. மூன்றும் ஒரே மா. கொத்து வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை, எனக்கும் விருப்பம்தான்.

சாம்பல்தீவு டு நகோயா எழுதியது:

அக்கா, இங்கே ஜப்பானில் என் மகள் இரண்டாம் வகுப்பு. முதல் நாள் மனைவி இடியப்பம் கட்டிக் கொடுத்தாள், பொதி அப்படியே திரும்பி வந்தது. வீட்டுச் சாப்பாடு தேவையில்லையாம், எல்லோருக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரே சாப்பாடு. 1954 இலிருந்தே இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. பெற்றோரைக் கூப்பிட்டுச் சாப்பிட வைக்கிற நாளொன்றும் உண்டு, போனேன். வெள்ளைத் தொப்பி, வெள்ளை மேலங்கியோடு எங்கள் வீட்டு இளவரசி அகப்பையால் சூப் அள்ளி ஊற்றுகிறாள்! வீட்டில் தட்டைக் கழுவ மாட்டாள். சோறு, மீன், கடற்பாசி, ஒரு பெட்டிப் பால். ஆசிரியையும் அதே சாப்பாட்டை அதே வகுப்பறையில் சாப்பிடுகிறா. போகவரவும் நடைதான், மழையென்றாலும்.

பணக்கார நாடுகளில் பிள்ளைப் பருமன் மிகக் குறைந்த இடங்களில் ஜப்பானும் ஒன்று. ஊருக்கு வந்தபோது மாமி என்ன சொன்னா தெரியுமா? "யப்பான்காரன் பிள்ளையைப் பட்டினி போடுறான்."

கடைக்காரர் மகள் எழுதியது:

பின்னேரங்களில் அப்பாவின் கடையில் நிற்பேன். 2016 ஓகஸ்டிலிருந்து சோடாப் போத்தல்களில் நிறக்குறி இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 இலிருந்து 11 வரை செம்மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. ஒரு சின்னப் பொடியன் சிவப்பு வட்டத்தைக் காட்டி, "அக்கா, இது ஸ்ட்ரோபெரியா?" என்று கேட்டான். அதே 2016 இல் சிலி நாட்டில் கறுப்பு எண்கோணத்தில் "சீனி அதிகம்" என்றே எழுத வைத்தார்கள். அந்த முத்திரை விழுந்த பெட்டிகளில் பிள்ளைகளை இழுக்கிற கார்ட்டூன் படமும் போடக்கூடாது. எழுத்து என்றால் எங்கள் பொடியனும் வாசித்திருப்பான்.

உவர்மலைப் பெரியம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ரியூசன் நாட்களில் இப்போது அவித்த கடலை கட்டிக் கொடுக்கிறேன். மூன்று நாள் சாப்பிட்டான். நாலாம் நாள் கூட்டாளியோடு ரோல்ஸுக்கு மாற்றிவிட்டான், பிடித்துவிட்டேன். பார்ப்போம்.

லண்டன்காரன் கொஞ்சம் இளைத்திருக்கிறான் போல. அங்கேயும் பந்து அடிக்கப் போகிறானாம். நேற்று வீடியோவில் அம்மா, "கன்னத்தைக் கிட்டக் கொண்டுவா" என்று போனுக்குள் விரலை நீட்டிப் பார்த்தா. முகம் சரியில்லை. இன்று காலையில் லண்டன் போகிற ஒருவரிடம் எள்ளுருண்டை இரண்டு கிலோ கொடுத்துவிட்டிருக்கிறா. தங்கைக்கு நான் இன்னும் சொல்லவில்லை.